ஒரு காலி டப்பாவின் கார்பன் கணக்கு

வீட்டுக் குப்பையைப் பிரிப்பது அலுப்பான வேலை. பாட்டில் மூடியைக் கழற்ற வேண்டுமா, லேபிளை உரிக்க வேண்டுமா, எண்ணெய் பட்ட அட்டைப்பெட்டி எந்தத் தொட்டிக்குப் போகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேகம். விதிகளோ ஊருக்கு ஊர் வேறு. ஒரே ஊரில்கூடச் சில ஆண்டுகளில் மாறிவிடும். இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தால் பூமி சூடாவது குறையுமா? எதைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சில பொருள்களில் பலன் மலையளவு, சிலவற்றில் கடுகளவு. நாம் அதிகம் மல்லுக்கட்டுவதோ பெரும்பாலும் அந்தக் கடுகளவுப் பொருள்களோடுதான்.

கணக்கு மிகத் தெளிவாக இருப்பது அலுமினியத்தில். மண்ணில் அது தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. பாக்சைட் தாதுவில் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. தாதுவைச் சுத்திகரித்து அலுமினா என்ற வெள்ளைத் தூளாக்கி, ஏறத்தாழ 960 டிகிரி செல்சியஸில் உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித்தான் ஆக்சிஜனைப் பிரிக்க முடியும். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த இந்த முறைதான் இன்றும் கோலோச்சுகிறது. ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகும். அதோடு போவதில்லை. மின்வாயாக இருக்கும் கார்பன் கட்டியே பிரிந்து வரும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரையும். கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். மின்சாரம் முழுவதும் சூரிய ஒளியிலிருந்து வந்தாலும் இந்தப் புகை நிற்காது.

பழைய டப்பாவை உருக்க இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆக்சிஜனை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. 660 டிகிரியில் உலோகம் உருகிவிடும், வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் இப்படிச் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

இங்கே ஒரு சின்ன வீட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குளிர்பான டப்பா ஒன்றின் எடை சுமார் 14 கிராம். அதை உருக்கிப் பயன்படுத்துவதால் மிச்சமாகும் மின்பகுப்பு மின்சாரம் கிட்டத்தட்ட 0.2 யூனிட். ஒரு லிட்டர் நீரை 50 டிகிரி கூடுதலாகச் சூடேற்ற ஏறக்குறைய 0.06 யூனிட் வேண்டும். ஆக, மூன்று லிட்டருக்கு மேல் வெந்நீர் விட்டு டப்பாவைப் பளபளவென்று கழுவினால் அந்த மிச்சம் அத்தனையும் சாக்கடையோடு போய்விடும். பாத்திரம் கழுவி மீந்த நீரில் ஒருமுறை அலசினால் போதும். உலோகத்தை உருக்கும் உலைக்கு, ஒட்டியிருக்கும் சில துளி பானம் ஒரு பொருட்டே அல்ல. அலசச் சொல்வது பக்கத்தில் கிடக்கும் காகிதம் நனைந்து கெடாமல் இருக்கவும், வீட்டில் எறும்பு மொய்க்காமல் இருக்கவும்தான்.

இரும்பு டப்பாவுக்கும் இதே நியாயம். தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரியை எரிக்கும் கட்டம் தவிர்கிறது. காந்தத்தில் ஒட்டுவதால் குப்பையிலிருந்து இரும்பைப் பொறுக்குவதும் சுலபம். கண்ணாடியின் கதை சற்று மங்கல். புதுக் கண்ணாடியோ பழைய சில்லோ, எதுவானாலும் 1,500 டிகிரிக்கு அருகில் உருக்கியாக வேண்டும். புதுக் கண்ணாடிக்கான மூலப்பொருள்களான சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் சூட்டில் விடும் கரியமில வாயு, சில்லைப் பயன்படுத்தினால் மிச்சம். கலவையில் பத்தில் ஒரு பங்கு சில்லு சேர்த்தால் எரிபொருள் சுமார் 3 சதவீதம் குறையும், அவ்வளவே. கனமான கண்ணாடி பாட்டிலை உடைத்து உருக்குவதைவிட, கழுவி மறுபடி நிரப்புவதே மேல்.

காகிதத்தின் உயிர் அதன் இழையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் இழை நறுங்கிக் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்று வரை தாங்கும்; பிறகு சல்லடையில் ஓடிவிடும். எண்ணெய் பட்ட அட்டையை மறுப்பதற்கும் காரணம் உண்டு. கூழாக்குவது நீரில், எண்ணெய் நீரோடு போகாமல் இழையோடு ஒட்டிக்கொள்ளும், புதுத் தாளில் கறையாகத் தெரியும்.

பிளாஸ்டிக்கில்தான் எல்லாம் சிக்கல். அது ஒரே பொருள் அல்ல என்பதிலிருந்து தொல்லை தொடங்குகிறது. தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக், அதன் மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், மேலே சுற்றிய உறை வேறொன்று. இவற்றைச் சேர்த்து உருக்கினால் ஒன்றோடொன்று கலக்காமல் திட்டுத்திட்டாக நின்று, உறைந்த பின் சட்டென்று முறியும். பெட் உருகும் 250 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலத்தை விடுவதால், துளி பி.வி.சி. கலந்தாலும் பெட் பழுத்துக் கெட்டுவிடும். பாட்டில் அடியிலுள்ள முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே என்பீர்கள். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் அமைப்பு கொண்டுவந்த அந்த எண், இன்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. உங்கள் ஊரில் அதை உருக்க ஆள் இருக்கிறதா என்று சொல்வதில்லை. அம்புக்குறியைப் பார்த்ததும் மறுசுழற்சி உறுதி என்று நினைத்துக்கொள்வது நுகர்வோரின் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனதாக 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி குப்பைக் கிடங்கிலோ வெட்டவெளியிலோ கிடக்கிறது. காலநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தால் இதில் ஒரு விநோதம் உண்டு. புதைந்து கிடக்கும் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட எந்த வாயுவையும் விடாமல் அப்படியே இருக்கும். எரித்தால்தான் ஒரு கிலோ பாலித்தீன் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகும். கடலுக்கும் கால்நடைக்கும் பிளாஸ்டிக் செய்யும் கேடு வேறு விஷயம், அது பெரிது. ஆனால் அதன் கார்பன் செலவில் பெரும்பகுதி, பொருள் நம் கைக்கு வருவதற்கு முன்பே எண்ணெய்க் கிணற்றிலும் ஆலையிலும் முடிந்துவிடுகிறது. வாங்காத பொட்டலத்துக்கு ஈடாக எந்த நீலத் தொட்டியும் வராது.

வீட்டிலேயே ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள், ஆலையில் இயந்திரம் வைத்துப் பிரிக்கக் கூடாதா? உப்பையும் சர்க்கரையையும் கலக்க ஒரு நொடி போதும்; பிரிக்கத்தான் பாடு. குப்பையும் அப்படியே. உங்கள் கையில் இருக்கும்போது டப்பா இன்னும் எதோடும் கலக்கவில்லை. அதைவிட மலிவாகப் பிரிக்கும் தருணம் பிறகு வராது. ஆலையில் காந்தம் இரும்பை இழுக்கும். சுழலும் காந்தப்புலம் அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதை எகிறி விழச் செய்யும். அகச்சிவப்பு ஒளி பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டதும் காற்றுக்குழல் அதை ஊதித் தள்ளும். ஆனால் கரித்தூள் கலந்த கறுப்பு பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்கு அது இருப்பதே தெரியாது. பாலித்தீன் பைகளோ சல்லடை உருளைகளில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திக் கத்தியால் அறுத்தெடுக்க ஆள் இறங்க வேண்டும். நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்துக் கூடத்தையே எரித்துவிடக்கூடும். 2018 முதல் சீனா பல வகைக் குப்பைகளின் இறக்குமதியைத் தடைசெய்து, மற்றவற்றில் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றபோது, பணக்கார நாடுகள் பல திக்குமுக்காடின. அதுவரை அரைகுறையாகப் பிரித்ததைக் கப்பலேற்றி அனுப்பி, அதையே மறுசுழற்சி என்று கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பலர் கவனிக்காமல் விடுவது, மூலையில் இருக்கும் ஈரக் குப்பை. காய்கறித் தோலும் மீந்த சோறும் குப்பை மேட்டின் அடியில் புதையும்போது அங்கே காற்று இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை விடுகின்றன. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. மறுபுறம், அந்த வாயு சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் வளிமண்டலத்தில் சிதைந்துவிடுவதால், இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

ஈரக் குப்பையைத் தனியாக எடுத்தால் இன்னொரு லாபமும் கூடவே வரும்: காகிதமும் டப்பாவும் அழுக்காகாமல் தப்பிக்கின்றன. என்னைக் கேட்டால் முதல் தொட்டி இதற்கு, அடுத்தது உலோகத்துக்கு, பிறகு சுத்தமான காகிதம். பிளாஸ்டிக்கில் பெட் பாட்டில்களைத் தவறாமல் போட்டுவிட்டு மற்றவற்றுக்கு உள்ளூர் விதி சொன்னபடி செய்தால் போதும். லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மட்கு உரம் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குவியல் நசநசவென்று ஈரமாகி அழுகல் நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகவில்லை; குப்பை மேட்டில் நடந்ததே இங்கும் சிறிய அளவில் நடக்கத் தொடங்கிவிட்டது. காய்ந்த இலையையோ கிழித்த அட்டையையோ சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சரியாகிவிடும்.