ஐயா எடுத்து வைத்த பருத்திக்கொட்டை

தை மாதம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் காட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே சாலில் ஒரு செடி இடுப்பளவு, அடுத்தது முழங்காலளவு. ஒன்றில் காய் கோழிமுட்டை மாதிரி, பக்கத்துச் செடியில் சுண்டைக்காய் மாதிரி.

"கடைக்காரர் மேல தப்பில்ல சார். போன வருசம் நம்ம காட்டுல எடுத்த கொட்டைதான். எங்க ஐயா கருங்கண்ணி நாட்டுப்பருத்திக் கொட்டைய வருசா வருசம் எடுத்து வச்சு விதைச்சாரே, அது மாறலையே?" என்றார் காட்டுக்காரர்.

நியாயமான கேள்வி. "அது ரகம் அண்ணாச்சி. இது வீரிய ஒட்டு" என்றேன். முகத்தைப் பார்த்தால் விளங்கின மாதிரி தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டோம்.

கருங்கண்ணியில் தாய்வழி வந்ததும் தகப்பன்வழி வந்ததும் ஏறக்குறைய ஒன்றே. எப்படிக் கலைத்தாலும் அதேதான் வரும். வீரிய ஒட்டில் தாய் ஒரு ரகம், தகப்பன் வேறு ரகம். 1970-இல் சூரத்தில் பருத்தி விஞ்ஞானி சி.டி. படேல் வெளியிட்ட எச்-4 என்ற ஒட்டு தொடங்கி எல்லாம் இந்த வழிதான். முதல் தலைமுறை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அந்தச் செடி தன் மகரந்தத்தையும் சூலையும் உண்டாக்கும்போது 26 ஜோடி குரோமோசோம்களும் துண்டு துண்டாக இடம் மாற்றிக்கொள்கின்றன. அப்புறம் ஒரு கொட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. காய்ப்புழுவைத் தடுக்கும் ஒரு ஜீன் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு அது கிடைக்காது.

புது ரகம் உருவாக்கும் எங்களுக்கு இந்தக் கலைப்புதான் சோறு போடுகிறது. இழை நல்ல வலுவாக இருந்தால் விளைச்சல் குறையும் போக்கு பருத்தியில் உண்டு. அந்தப் பிணைப்பு அறுந்த ஒரு செடி கிடைக்காதா என்று ஆயிரக்கணக்கில் வளர்த்துத் தேடுவோம். எங்களுக்கு ஒரு செடி தேறினால் போதும். அண்ணாச்சிக்குக் காடு முழுக்கத் தேற வேண்டும்.

சரி, ரகமாகவே இருந்தாலும் தேனீ சும்மா விடாது. பருத்தி மகரந்தம் கனமானது, ஒட்டும், காற்றில் போகாது. பூச்சிதான் சுமக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேனீ நுழையாதபடி காலை எட்டரைக்கு ஆற அமரப் போய் மொட்டுக் கட்டினேன். தேனீ எனக்கு முன்னாலேயே வந்து போயிருந்தது. அடுத்த பருவத்தில் அந்த வரிசையில் பாதி என் ரகமே இல்லை.

முந்தின சாயங்காலமே கட்ட வேண்டும். நாளைக்கு விரியப்போகும் மொட்டு தன்னைச் சுற்றியிருக்கும் சப்பை இலைகளுக்கு மேலே வெளிறித் தலைநீட்டி நிற்கும்; அதன் நுனியை நூலால் இறுக்கினால் போதும், உள்ளேயே தன் மகரந்தம் தன் சூல்முடியில் படும். நூல் கட்டின காயை மட்டும் தனியாக எடுத்து விதைக்கு வைக்கலாம்.

அமெரிக்க வகையோடு கருங்கண்ணி கலந்துவிடுமோ என்று அண்ணாச்சி பயந்தார். அதற்கு 26 ஜோடி, அதாவது 52 குரோமோசோம்; கருங்கண்ணிக்கு 13 ஜோடி, 26தான். தப்பித்தவறிச் சேர்ந்தாலும் அந்தச் செடி மலடு. பக்கத்தில் இன்னொரு நாட்டுப்பருத்தி ரகம் நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டுப் பரணில் ஐயா காலத்துக் கொட்டை ஒரு கலயம் இருக்கிறதாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முளைக்குமா என்று கேட்டார். பத்துக் கொட்டையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.