திருநாட்கிண்ணம்: ஒரு சொல் விளக்கம்

யூதர்களின் வெள்ளிக் கிண்ணம் ஒன்றின் படத்துக்குக் கீழே 'புனித மதுக்கோப்பை' என்று அச்சிட்டிருந்ததை அண்மையில் மீண்டும் பார்த்தேன். இதே பெயரை இதற்கு முன்பும் பலமுறை கண்டிருக்கிறேன். பிழை வழக்காகி ஊன்றிவிடும் முன் மறுத்துவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எபிரேயத்தில் இதன் பெயர் 'கோஸ் கித்தூஷ்'. கோஸ் என்றால் கிண்ணம். கித்தூஷ் என்பது புனிதமாக்குதல், பிறவற்றிலிருந்து பிரித்து வைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல். மணவுறுதியைக் குறிக்கும் 'கித்தூஷின்' அதே வேரின் கிளை.

இங்கே புனிதமாக்கப்படுவது எது என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டார் மேசையைச் சூழ்ந்திருக்க, விளிம்புவரை நிரம்பிய கிண்ணத்தை வலக்கையில் ஏந்தி, அப்போது தொடங்கும் ஓய்வுநாளைப் புனித நாளாக அறிவிக்கும் வாழ்த்துரையே கித்தூஷ். ஆகவே புனிதம் நாளுக்கு உரியது. கிண்ணம் அந்த அறிவிப்புக்கு உதவும் கலம் மட்டுமே. யூத மரபுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: யூதர்களின் மறைநூலான தோராவின் சுருளைப் போர்த்தும் உறை தானே புனிதம் பெறும், கித்தூஷ் கிண்ணம் பெறாது. போதிய அளவு கொள்ளும் கண்ணாடிக் குவளை இருந்தாலே கடமை நிறைவேறிவிடும். அந்த அளவை ஒரு சாரார் ஏறத்தாழ 86 மில்லிலிட்டர் என்றும், மற்றொரு சாரார் 150 என்றும் கணக்கிடுகின்றனர். 'புனித' என்னும் அடையைக் கிண்ணத்தின்மேல் ஏற்றினால், திருப்பலிக்கெனத் தனியே மந்திரிக்கப்படும் கத்தோலிக்கத் திருக்கிண்ணத்தோடு இது குழம்பிப்போகும். இரண்டும் இருவேறு சமயங்களின் இருவேறு கருத்துகள்.

'மது' அதைவிடத் தவறு. இன்றைய தமிழில் அச்சொல் எந்தக் கடையை நினைவூட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தவிரவும், புளிக்காத திராட்சைச் சாற்றிலும் கித்தூஷ் சொல்லலாம். 'கோப்பை' என்றதும் விளையாட்டுப் பரிசே கண்முன் நிற்கிறது. அகராதியில் முதலில் கிடைத்த மூன்று சொற்களை ஒட்டவைத்துவிட்டு, அந்தப் பொருள் யார் கையில், எதற்காக இருக்கிறது என்று கேட்காமலே போய்விடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவருவது எனக்கு உண்மையான வருத்தம் தருகிறது.

எளிய குவளையே போதுமென்றால் இவ்வளவு வேலைப்பாடு ஏன்? கடமையை அழகுறச் செய்ய வேண்டும் என்னும் 'ஹித்தூர் மிட்ஸ்வா' என்ற கோட்பாடே காரணம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து 18ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்றை உற்றுப் பாருங்கள்: எட்டுப் பட்டை கொண்ட உடல், தட்டிப் புடைத்தெடுத்த இலைக்கொடிகள், உட்புறம் வெள்ளி கறுக்காதிருக்கத் தங்க முலாம், விளிம்பில் 'ஓய்வுநாளை நினை' என்னும் கட்டளையின் எபிரேய எழுத்துகள். கைவினைக் கழகங்கள் யூதர்களைச் சேர்க்காததால் இவற்றில் பல கிறித்தவத் தட்டார்கள் செய்தவை. எருசலேமில் 1906இல் தொடங்கிய பெட்சலேல் கலைப் பள்ளியிலோ யேமன் யூதக் கைவினைஞர்களின் நுண்ணிய வெள்ளிக் கம்பி வேலை மேலோங்கியது. எழுத்தும் அலங்காரமும் கூட நாளையே போற்றுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனவே நான் முன்வைப்பது 'திருநாட்கிண்ணம்'. இதில் 'திரு' என்னும் அடை நாளைச் சேர்கிறது, கிண்ணத்தைச் சேரவில்லை. ஓய்வுநாளோடு பண்டிகைகளையும் அடக்கிக்கொள்கிறது, கித்தூஷ் அவற்றிலும் சொல்லப்படுவதால். 'ஓய்வுநாட்கிண்ணம்' என்பாரும் உளர். அது பண்டிகைகளை விட்டுவிடும். அலங்காரத்தையும் சுட்ட வேண்டுமானால், புறநானூற்றின் 56ஆம் பாட்டில் 'பொன்செய் புனைகலத்து ஏந்தி' என்று வருகிறதே, அந்தப் 'புனைகலம்' இருக்கிறது. பெயரை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புவோர் 'கித்தூஷ் கிண்ணம்' என்று எழுதட்டும். அதிலும் எனக்கு மறுப்பில்லை.