ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வருகிறோம், வீடு கட்டலாமா?

புயலோ வெள்ளமோ வந்து போன பிறகு, எங்கள் டெல்டாப் பக்கத்து சிவில் இன்ஜினீயர்களுக்கு ஒரே மாதிரியான போன்கள் வரத் தொடங்கும். "சார், எங்க காலேஜ்ல நாற்பது பேர் இருக்கோம். ஞாயிற்றுக்கிழமை வர்றோம். கஷ்டப்படுற ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமா?" 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்து குடிசைகளைப் பிய்த்துப் போட்ட சமயத்தில் இந்தக் கேள்வி நிறையவே வந்தது. இப்போதும் வருகிறது. நல்ல மனசுதான். ஆனால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குச் சப்பென்று இருக்கும்: "அந்த இடத்துக்குப் பட்டா இருக்கா?"

பட்டா இல்லாத இடத்தில் எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அந்தக் குடும்பம் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகாது. இங்கே குடிசைகள் பெரும்பாலும் வாய்க்கால் கரையில், கோயில் இடத்தில், புறம்போக்கில் இருக்கின்றன. பண்ணை முதலாளியின் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கு அந்த மனையையே உரிமையாக்க 1971இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் தாத்தா பெயரில் வந்த காகிதத்தைப் பேரன் பெயருக்கு மாற்றாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளை இன்றைக்கும் பார்க்கிறேன். பட்டா சரியாக இல்லையென்றால் அரசுத் திட்டத்தில் பெயர் ஏறாது, வங்கியும் திரும்பிப் பார்க்காது. அதனால் வருகிறவர்களில் சட்டம் படிக்கும் நான்கு பேர் இருந்தால் என் முதல் வேலை அவர்களுக்குத்தான்: தாலுகா அலுவலகத்துக்கு வீட்டுக்கார அம்மாவுடன் போய் வாரிசுச் சான்றிதழிலிருந்து பட்டா மாறுதல் வரை முடித்துக்கொடுங்கள். வெயிலில் செங்கல் சுமப்பதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

ஊர் கூடி வீடு கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. கூரை வீடாக இருந்த காலத்தில் கீற்று முடைவதும், மூங்கில் வெட்டுவதும், கூரை வேய்வதும் சொந்தமும் அக்கம்பக்கமும் முறை வைத்துச் செய்த வேலைகள். வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார், அடுத்த வீட்டுக் கூரைக்கு அவர் போய் நிற்பார். கூரைக்குக் கான்கிரீட் தளம் போட்ட வீடு வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போனது. கம்பி, சிமென்ட், சென்ட்ரிங் என்று எல்லாமே காசு கொடுத்தால்தான் நகரும் என்றான பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிறு ஊருக்கு அருகே கொய்னோனியா என்றொரு கூட்டுப் பண்ணை. அதை நடத்திய கிளாரன்ஸ் ஜோர்டனும், வக்கீல் தொழிலையும் வியாபாரத்தையும் விட்டுவிட்டு வந்த மில்லார்டு ஃபுல்லரும் 1960களின் கடைசியில் ஒரு திட்டம் போட்டார்கள். லாபம் வைக்காமல் வீட்டைக் கொடுப்பது, கடனுக்கு வட்டி வாங்காமல் இருப்பது, திரும்பி வரும் தவணைப் பணத்தில் அடுத்த வீட்டைக் கட்டுவது. 1976இல் ஃபுல்லர் தம்பதி தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி இந்த விதையில் வளர்ந்ததுதான். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1984இல் நியூயார்க்கில் ஒரு ஆறு மாடிப் பாழடைந்த கட்டடத்தை 19 குடும்பங்களுக்காகச் சீரமைக்கச் சுத்தியலோடு போய் நின்றதும் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. 2006இல் அவர் நம் நாட்டில் லோனாவாலா அருகிலும் வந்து வேலை செய்தார். அங்கே 100 வீடுகள்.

எல்லாருக்கும் நினைவில் நிற்பது அந்தச் சுத்தியல் படம்தான். ஒரு கட்டுமானக்காரனாக எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வீடு பெறும் குடும்பமும் தன் வீட்டிலோ இன்னொருவர் வீட்டிலோ குறிப்பிட்ட மணி நேரம் உழைத்தாக வேண்டும். வீடு இலவசம் கிடையாது, தவணை கட்டியாக வேண்டும். ஆனால் அந்தத் தவணை குடும்பத்தின் கழுத்தை நெரிக்காது. தன்னார்வலர் உழைப்பு இந்தக் கடன் ஏற்பாட்டுக்குத் துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். நாம் பார்த்துப் பழகியது சுத்தியலை மட்டும். கடன் ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வீடு ஒன்றுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அது போதாது என்பது எல்லா மாநிலத்துக்கும் தெரியும். தமிழ்நாட்டில் தளம் போட மாநில அரசு மேற்கொண்டு பணம் சேர்க்கிறது. 2024 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம். மொத்தம் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்காவது கான்கிரீட் தளம். தொகை எதுவாக இருந்தாலும் கைக்கு மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), தளம், முடிவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் வரும். அதாவது முதலில் செலவு, பிறகு வரவு.

ஏழைக் குடும்பம் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். லிண்டல் வரை ஏற்றினால் பணம் வரும், லிண்டல் வரை ஏற்றக் கையில் காசில்லை. நகை ஏற்கெனவே அடகில். அப்புறம் குழுக்கடன், தண்டல், மீட்டர் வட்டி. வாரத்தவணை கட்டுவதற்காக அந்த அம்மா நாற்று நடப் போகிறார், கணவர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கிளம்புகிறார். வீடு பாதியில் நிற்கிறது, வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. சில வீடுகளில் ஜன்னல் மட்டத்தில் செடி முளைத்திருக்கும்.

இப்போது தன்னார்வலர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சின்ன வீட்டில் கூலி, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு முன்னே பின்னே வரும். மற்றதெல்லாம் கம்பி, சிமென்ட், செங்கல், ஜல்லி, எம்சாண்ட். இந்தக் கூலியிலும் பெரும்பங்கு கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங்காரர் என்று கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் போகிறது. மாணவர்களால் ஈடுகட்ட முடிந்தது சித்தாள் வேலையின் பங்கு. சில பத்தாயிரம் ரூபாய், அதற்கு மேல் வராது. வீட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகை. ஆனால் அந்தக் குடும்பம் மீட்டர் வட்டிக்கு வாங்கப்போகும் தொகையும் பெரும்பாலும் இதே அளவுதான். அதனால் நாற்பது பேர் எந்த வாரம் வருகிறார்கள் என்பதுதான் விஷயம். பூமி பூஜை அன்று மாலையோடு வந்தால் உதவி குறைவு. அடித்தளத் தவணை வந்து சேராமல், லிண்டல் வேலை தொடங்க முடியாமல் வீடு நிற்கும் வாரத்தில் வந்தால் ஒரு கடன் தவிர்க்கப்படுகிறது.

என்ன வேலை கொடுக்கலாம்? கடைக்கால் தோண்டுவது, பேஸ்மட்டத்துக்குள் (தரையைத் தாங்கும் அடிச்சுவர்களுக்கு நடுவே) மண் நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டிப்பது, செங்கல் நனைப்பது, சுமப்பது, வெள்ளை அடிப்பது. இவை பிறகு பார்த்துத் திருத்தக்கூடிய வேலைகள். டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதனால் கடைக்கால் ஆழத்தையும் பேஸ்மட்ட உயரத்தையும் இன்ஜினீயர் முடிவு செய்யட்டும், தோண்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆழம் போதாமல் போன சுவரில் விரிசல் குறுக்காக ஓடும். அதற்கு மேல் எத்தனை தடவை பூசினாலும் நிற்காது.

தளம் போடும் நாள்தான் எனக்குப் பயம். தன்னார்வலர்களுக்கு மிகவும் பிடித்த நாளும் அதுதான். வரிசையாக நின்று சட்டி கைமாறும், பாட்டு, போட்டோ, பிரியாணி. பத்து மணிக்கு மேல் கை ஓயும். கலவை இறுகியதுபோல் தெரியும். யாராவது ஒருவர் குடத்தைச் சாய்ப்பார். ஒரு மூட்டை சிமென்டுக்கு, மணலிலும் ஜல்லியிலும் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டர் தண்ணீர் என்பது என் சைட்டில் கணக்கு. ஒரு குடம் அதிகமானால் தள்ளுவதற்குச் சுகமாக இருக்கும், தளத்தின் பலம் போய்விடும். மிக்சர் பக்கத்தில் ஒரே ஒரு மேஸ்திரி, அவர் கையில் மட்டும் வாளி. இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்று, ஜன்னலுக்கு மேல் வரும் சன்ஷேடு. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பதால் அதன் கனத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டியோடு வருபவர் தெரியாமல் அதன் மேல் கால் வைத்தால் கம்பி கீழே அமுங்கிவிடும். கான்கிரீட் மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. சென்ட்ரிங் பிரிக்கிற அன்றே தொங்கினால் அதிர்ஷ்டம், சில வருஷம் கழித்து ஜன்னலோரம் நிற்கும் குழந்தையின் மேல் விழுந்தால் என்ன செய்வது? தளக் கம்பியின் மேல் நடைபலகை போடாமல் யாரையும் ஏற விடாதீர்கள். அன்றைக்கு நாற்பது பேர் வேண்டாம். விவரம் தெரிந்த கூலியாட்களை வைத்துக்கொண்டு, அந்தக் கூலிப் பணத்தை நீங்கள் கொடுங்கள்.

மறுநாள் காலை தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் வேலை தொடங்குகிறது. நம் தர விதியான ஐஎஸ் 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பலோ கசடோ சேர்ந்த கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது என்கிறது. கடையில் இப்போது கிடைக்கும் மூட்டைகள் பெரும்பாலும் கலப்பு வகைதான். அதனால் நான் 14 நாள் சொல்வேன். இந்த வேலையில் வீட்டுக்கார அம்மாவை மிஞ்ச ஆளில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, சுவர்களில் கட்டிய சாக்கை நனைத்துவிட்டுத்தான் உலை வைப்பார். அமெரிக்காக்காரர்கள் மணிக்கணக்கு எழுதிவைக்கும் குடும்ப உழைப்பு இதுதான். நம் ஊரில் யாரும் எழுதிவைப்பதில்லை.

ஆனால் தண்ணீர் எங்கே? வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போரில் வருவது உப்புத் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கடற்கரையோரக் காலனி வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் துருக்கம்பி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வாரத்துக்கு நல்ல தண்ணீர் டேங்கர் ஏற்பாடு செய்கிற சங்கம், நூறு பேரைக் கூட்டி வருகிற சங்கத்தைவிடப் பெரிய காரியம் செய்கிறது. பேனர் வைக்க முடியாது என்பதுதான் குறை.

செலவைக் குறைக்கும் கட்டுமுறைகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் (செங்கலை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர்) செங்கல் சுமார் கால்வாசி மிச்சமாகும், சுவருக்குள் காற்றறை இருப்பதால் வீடு குளுமையாகவும் இருக்கும். 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு அங்கே இதைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அளவு பிசகாத செங்கலும், அந்தக் கட்டில் கை பழகிய கொத்தனாரும் வேண்டும். எங்கள் சூளைச் செங்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. இதற்கு முன் செய்து பார்க்காத கொத்தனாரை ஏழை வீட்டில் பழகச் சொல்வது நியாயமில்லை. பழகுவதானால் பஞ்சாயத்து ஷெட்டில் பழகட்டும்.

நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் பொருள் செலவை வேறு வழியில் பிடித்தது. நிலமில்லாத பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அதே அமைப்பு, குடிசைவாசிகளே கல் அறுத்துத் தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளும் வேலையையும் எடுத்து நடத்தியது. வெளியாள் ஒரு நாள் வந்து போவதற்கும், தெருவே சேர்ந்து ஒரு பருவம் முழுக்கக் கல் அறுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. உங்கள் சங்கம் ஒரே தெருவில் ஐந்து வீடுகளை எடுத்துக்கொண்டால், அந்த ஐந்து குடும்பமும் ஒருவர் வீட்டில் ஒருவர் வேலை செய்யும். சென்ட்ரிங் பலகையை ஒரே வாடகையில் சுற்றவிடலாம், சிமென்டை மொத்தமாக வாங்கலாம். தனி வீட்டுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

அளவு விஷயத்தில் மட்டும் குடும்பத்தோடு கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். கட்டுவதே கட்டுகிறோம், ஒரு ரூம் சேர்த்துப் போட்டுவிடலாம் என்ற ஆசை எல்லார் வீட்டிலும் வரும். மச்சான் சொல்வார், மேஸ்திரியும் தலையாட்டுவார். அந்த ஒரு ரூமுக்கு எந்தத் திட்டத்திலும் பணம் கிடையாது. முழுக்க வட்டிப் பணம். 360 சதுர அடியை முடித்துக் குடியேறுங்கள், ரூமை மூன்று வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னார்வலர்கள் சொன்னால் காது கொடுப்பார்கள். நான் சொன்னால் இன்ஜினீயருக்கு என்ன தெரியும் என்பார்கள்.

கடைசித் தவணை வர வேண்டுமென்றால் வீடு முடிந்திருக்க வேண்டும். பூச்சு, கழிப்பறை, கதவு, ஜன்னல், வெள்ளை. தளம் போட்டதும் கையிருப்பு காலியாகிவிடுவதால் நிறைய வீடுகள் இங்கே வந்து நின்றுவிடுகின்றன. வாசலில் புடவைத் திரை, கழிப்பறைக் கிண்ணம் வாங்கியபடியே மூலையில். நாற்பது பேர் கையில் இருப்பவர்கள் அதில் பத்துப் பேரையாவது இந்தக் கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஐடிஐயில் தச்சு, எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் மாட்டி, குழாய் இணைப்புக் கொடுத்து, படம் எடுத்து ஏற்றச் சொல்லிவிட்டு, வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அந்த அம்மா பெயரில் வந்ததா என்று மறுமாதம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.