மஞ்சளுக்குக் கல்லீரல் போடும் அரப்பு

மொடக்குறிச்சிப் பக்கம் எங்கள் சித்தப்பா முப்பது வருசமாக மஞ்சள் போடுகிறார். போன மாசம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாக வந்ததும், யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "நம்ம காட்டுல வெளையறதுதானே கண்ணு, இதுல என்ன கெடுதி வந்துரப் போவுது?" என்றார். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின் என்ற மஞ்சளின் நிறச்சத்து, கூடவே 5 மில்லிகிராம் பிப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வெறும் தண்ணீரை எத்தனை சொம்பு ஊற்றினாலும் பிசுக்குப் போகாது, அரப்பு போட்டால்தான் போகும். உடம்புக்குள்ளும் அதே சிக்கல் உண்டு. தண்ணீரில் கரையாத பொருள்களைச் சுலபமாக வெளியேற்ற முடியாது என்பதால், சர்க்கரையிலிருந்து வரும் குளுக்குரானிக் அமிலத்தைக் கல்லீரல் அவற்றோடு ஒட்டிவிடுகிறது, அப்புறம் அவை கரைந்து பித்தத்திலோ சிறுநீரிலோ போய்விடும். 120 நாள் வாழ்ந்து அழியும் சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளும் இப்படித்தான் குடலுக்குப் போகிறது. கல்லீரல் நோயுற்று இந்த வேலை கெட்டால் அது ரத்தத்திலேயே தேங்கும், கண் மஞ்சளாகும். மஞ்சக்காமாலை என்கிறோமே, அது.

குர்குமினுக்கும் இதே அரப்புதான். குடல் சுவரும் கல்லீரலும் உடனுக்குடன் கழுவிவிடுவதால் ரத்தத்தில் அது சேருவதே அபூர்வம். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு ஏறியது. பிப்பரின் அந்த ஒட்டும் வேலையை மந்தப்படுத்துவதுதான் காரணம். மருந்து நன்றாக ஏறுகிறது என்று விளம்பரத்தில் சொல்வதற்கு, கழுவும் வேலை பாதியில் நிற்கிறது என்பதும் அர்த்தம்.

2022-ல் அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது, ஒருவர் இறந்துவிட்டார். அந்தப் பத்தில் 7 பேருக்கு நோயெதிர்ப்பு சம்பந்தப்பட்ட ஒரே வகை மரபணு இருந்தது. ஆக எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆனால் யாருக்கு ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை.

அப்போ ரசத்தில் மிளகும் மஞ்சளும் சேர்கிறதே என்று கேட்பீர்கள். சரி, கணக்கைப் பாருங்கள். அரிசிம்பருப்பு சாதத்துக்கு அரை ஸ்பூன், ஒன்றரை கிராம் மஞ்சள்தூள் போடுகிறோம், அதில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அதாவது 45 மில்லிகிராம், அதையும் வீடே பங்கு போட்டுச் சாப்பிடுகிறது. கேப்ஸ்யூலில் 475 மில்லிகிராம் ஒரே ஆளுக்கு ஒரே விழுங்கலில் போகிறது, அதுவும் தினமும் இரண்டு என்று மாதக்கணக்கில்.

கீழாநெல்லியையும் சித்தப்பா கேட்டார். தண்ணீரில் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் ஹெப்படைட்டிஸ் பி-க்கு அதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள், ஆனால் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன், ஏற்கெனவே சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். சிறுநீர் கட்டன்டீ நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே போக வேண்டும். கொழுப்புக் கல்லீரலுக்கு நன்றாக நிரூபணமான வழி எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதுதான். சித்தப்பா 80 கிலோ, அவருக்கு அது 6 முதல் 8 கிலோ வரும்.