இறைவாக்கா, முன்னறிவிப்பா?

சேலம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் நோட்டீசுகளில் ‘முன்னறிவிக்கப்பட்ட இரட்சிப்பு’ என்ற தொடர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. நாலு ரோட்டுச் சுவரில் ஒன்று, ஏற்காடு அடிவாரத்தில் ஒன்று. எளிய தமிழாம். எளிமைதான், பொருள்தான் தப்பு.

இதற்குத் தமிழ் பைபிளின் பழைய சொல் ‘தீர்க்கதரிசனம்’. வடமொழி, நெடுந்தொலைவைக் காண்பது என்று பொருள். மூலத்தில் இருப்பதோ பார்வையல்ல, பேச்சு. தீர்க்கதரிசிக்கு எபிரேயத்தில் ‘நாவி’, கிரேக்கத்தில் ‘புரொஃபேத்தேஸ்’: கடவுளுக்காகப் பேசுபவர். யாத்திராகமம் 7:1 ஒன்றே போதும்: ஆரோன் மோசேக்குத் தீர்க்கதரிசி என்கிறது. ஆரோன் அங்கே எதிர்காலம் எதையும் பார்க்கவில்லை. வாய் திக்கும் மோசேக்கு வாயாக நின்றார். தீர்க்கதரிசிக்கு முற்காலப் பெயர் ‘ஞானதிருஷ்டிக்காரன்’, அதாவது காண்பவன், என்று 1 சாமுவேல் 9:9 நினைவூட்டுவதால், பார்வைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் ‘இறைவாக்கினர்’ மூலத்துக்கு மிக நெருக்கம்.

‘முன்னறிவிப்பு’ எங்கே சறுக்குகிறது? ஏற்காட்டில் கனமழை என்று வானிலை மையம் அறிவித்தால் அது முன்னறிவிப்பு. மழை பொய்த்தால் யாரும் அவர்களை வாக்குத் தவறியவர்கள் என்று சொல்வதில்லை, கணிப்பு தவறியது என்போம். மழையைப் பெய்விப்பவர்கள் அவர்கள் இல்லையே! இரட்சிப்பிலோ சொன்னவரே செய்பவர். ‘வாக்கு’ என்ற தமிழ்ச் சொல்லில் பேச்சும் உறுதியும் ஒன்றாகவே கிடக்கின்றன: வாக்குக் கொடுத்தான், வாக்குக் காத்தான். இந்த வசதி கையிலிருக்க, ஆங்கிலத் துண்டறிக்கையை வரிக்கு வரி பெயர்ப்பவர்கள் ஏன் ‘முன்’னைத் தேடிப் போகிறார்களோ.

விசுவாசிக்கு இதனால் என்ன? கணிப்பு நடந்து முடிந்தால் அதன் வேலை தீர்ந்தது. பாடுபடும் ஊழியரைப் பற்றிய ஏசாயா 53 சிலுவையில் பலித்தது, கதை முடிந்தது என்றாகிவிடும். பேதுருவோ கடைசிக் காலத்தில் வெளிப்படப்போகும் இரட்சிப்பையும் (1 பேதுரு 1:5) பேசுகிறார். மீதியை வாக்குத் தந்தவரிடம் உரிமையோடு கேட்டுக் காத்திருப்பதே நம்பிக்கை. ‘புத்தாண்டுத் தீர்க்கதரிசனம்’ என்று வீடு, விசா, வேலை சொல்லும் மேடைகளுக்கு இந்தக் காத்திருப்பு புரியாது. பவுல் சொல்லும் பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் (1 கொரிந்தியர் 14:3) மூன்றில் விசா எதில் சேரும்?

இரட்சிப்பா மீட்பா என்பது தனி வழக்கு. பழைய மொழிபெயர்ப்பு எபேசியர் 1:7இல் விலை கொடுத்து விடுவிப்பதற்கு ‘மீட்பு’ என்று வைத்தது. இன்று இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது இழப்புதான். நோட்டீஸில் ‘வாக்களித்த இரட்சிப்பு’ என்று போடுங்கள். எழுத்தும் குறைவு.