ரேக்ளாவைப் படமெடுக்கப் போகிறவர்கள் கேமரா வாங்கும் முன்

ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயம் முடிந்த மறுநாள் காலை, கடையைத் திறப்பதற்கு முன்பே உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து வாசலில் காத்திருந்தார். கையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய புதிய ஆக்‌ஷன் கேமரா. அவர் வீட்டுக் காளைகள் ஓடிய 200 மீட்டர் ரேக்ளா முழுவதும் அதில் பதிவாகியிருந்தது. ஆனால் திரையில் தெரிந்தது வானமும் மண்ணும் கூட்டமும்தான். காளைகள் இரண்டு எறும்புகளைப் போல ஒரு கோட்டில் நகர்ந்தன. "அண்ணா, 4கே-ல எடுத்ததுங்க, பெருசு பண்ணுனா மாடு தெரியுமல்லங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காளை ஜோடியைப் பந்தயத்தன்று மாலையே விலை பேசி அனுப்பிவிட்டார்கள் என்பதால் இன்னொரு முறை எடுக்கவும் வழியில்லை. கோவையில் கேமரா பழுது பார்க்கும் இந்தத் தொழிலில், இதே கேள்வியோடு இந்தப் பருவத்தில் மட்டும் என்னிடம் வந்த நான்காவது ஆள் அவர்.

ஆக்‌ஷன் கேமரா என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. ஓடுவதையும் பாய்வதையும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கும் கருவி என்று அதற்குப் பொருளில்லை. ஓடுகிறவரோடு சேர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. வண்டிச் சட்டத்திலோ, மிதிவண்டியின் கைப்பிடியிலோ, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் காரின் உட்புறத்திலோ பொருத்தினால் அதற்கு இணை வேறில்லை. தடத்தின் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே நிற்பவர் கையில் அது பயனற்றது.

4கே என்ற எண் இதை மாற்றாது. தயவுசெய்து இந்தக் கணக்கைப் பொறுமையாகப் படியுங்கள். 4கே படத்தின் அகலம் 3840 புள்ளிகள். ஆக்‌ஷன் கேமராவின் அகலக் கோணம் ஏறத்தாழ 120 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்குக் கிடைப்பது 32 புள்ளிகள். 50 மீட்டர் தொலைவில் வண்டியோட்டியின் முகம் கால் டிகிரிகூடத் தேறாது. ஆகவே அந்த முகத்துக்கு அகலவாக்கில் எட்டுப் புள்ளிகளுக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. அதை எந்தக் கணினியில் பெரிதாக்கினாலும் அந்தச் சில கட்டங்கள்தான் பெரிதாகும். கேமராவில் இருக்கும் டிஜிட்டல் ஜூமும் இதே வெட்டிப் பெரிதாக்கும் வேலையைத்தான் செய்கிறது. லென்ஸே நகர்ந்து தொலைவை அருகில் கொண்டுவரும் ஆப்டிகல் ஜூம் உள்ள பழைய ஹெச்.டி. வீடியோ கேமரா, அதே இடத்திலிருந்து காளையின் மூக்கணாங்கயிறு வரை தெளிவாகக் காட்டும். அதன் படத்தில் மொத்தப் புள்ளிகள் சுமார் 20 லட்சம், 4கேயில் சுமார் 83 லட்சம் என்றாலும் இதுதான் உண்மை.

மிகக் குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் அந்த 83 லட்சமும் மெய்யாக இருப்பதில்லை. ஒளியைப் படமாக்கும் சென்சாரில் குறைந்த புள்ளிகளோடு எடுத்த படத்தை உள்ளேயே இழுத்துப் பெரிதாக்கி, பெட்டியின் மேல் 4கே என்று அச்சடித்து விடுகிறார்கள். சென்சாரின் உண்மையான புள்ளி எண்ணிக்கையைக் கேளுங்கள். கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

எனவே கேமராவைக் கேட்பதற்கு முன்பு, நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அதற்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் வண்டி, நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள், எடுக்கும் கேமராவில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 44 சென்டிமீட்டர் தாவிவிடும். 50 ஃப்ரேமில் அது பாதியாகும். 25 ஃப்ரேம் மட்டுமே தரும் 4கேயைவிட 50 ஃப்ரேம் தரும் ஹெச்.டி. பந்தயத்துக்கு நல்லது என்பதே என் தீர்ப்பு. பகல் வெயிலில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, ஐந்நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் குளம்புகள் தெளிவாக நிற்கும். இரவுக் கபடிக்கு அது ஆகாது. நம் ஊர் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், 50 ஃப்ரேமும் நூறில் ஒரு நொடி ஷட்டரும் வைத்தால் படம் துடிக்காது.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். வி30 என்று குறியிட்ட கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுத வேண்டும். நல்ல ஆக்‌ஷன் கேமராவுக்குப் பொதுவாக அதுவே போதும். ஆனால் சந்தையில் போலிகள் நிறைய உண்டு. வாங்கிய அன்றே கார்டு நிறையும்வரை ஓடவிட்டு, கடைசி நிமிடம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மைக்குக்கு மேல் பஞ்சு உறை போடுங்கள். சலங்கை ஒலிக்குப் பதிலாக இரைச்சலை மட்டும் பதிந்து வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு மயிரிழை கிடந்தாலும், கேமராவோடு வாய்க்காலில் இறங்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடும். என் மேசைக்கு வரும் நனைந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவே.

கேமரா மாட்டுவதற்காக ஹெல்மெட்டில் துளையிடாதீர்கள். துளையிட்ட ஹெல்மெட் உங்கள் தலையைக் காக்கும் என்று நம்ப முடியாது. காளையின் கொம்பில் கேமராவைக் கட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஒருவர் கட்டியதை நானே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். எல்லைக் கோட்டைத் தாண்டிய காளைகள் உடனே நிற்பதில்லை. அந்த நேர்க்கோட்டில் போய் நிற்காதீர்கள், கண்ணுகளா.

முடிந்தால் வாங்குவதற்கு முன்பு ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் நிற்கப் போகும் இடத்திலேயே ஒரு பயிற்சி ஓட்டத்தைப் பதிந்து, வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். அந்தத் தம்பி வீட்டில் அவர் மாமா கல்யாண வீடுகளில் படமெடுக்கப் பயன்படுத்திய, 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள பழைய வீடியோ கேமரா ஒன்று இருந்ததாம். புதியதை வாங்கும்போது அதைக் கொடுத்துவிட்டுத்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று கிடந்தால், விற்பதற்கு முன்பு என் கடைக்குக் கொண்டு வாருங்கள். லென்ஸைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, ஓட வைத்துத் தருகிறேன்.