மந்தமான டையோடைத் தேடி வாங்குங்கள்

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பேசும் ரேடியோவில், பேசவும் கேட்கவும் ஒரே ஆன்டெனாதான். அனுப்பும்போது அதில் 100 வாட் போகிறது. கேட்கும்போது வருவது மைக்ரோவோல்ட். இரண்டையும் மாற்றிவிட வழக்கமாக ரிலே (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுவார்கள். மோர்ஸ் அடிக்கும்போது புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எதிர்முனையைக் கேட்க நினைத்தால் ரிலே ஓயாமல் டக்டக்கென்று அடிக்கும், காண்டாக்ட் தேயும். ரிலேவுக்குப் பதிலாக பின் (PIN) டையோடையே சுவிட்சாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பி, என் அடுக்குகளுக்கு நடுவே கலப்பில்லாத சிலிக்கான் தடிமனாக இருப்பதுதான் பின் டையோடு. ஃபார்வர்டு கரன்ட் (கடத்தும் திசையில் கரன்ட்) கொடுத்தால் அந்த நடு அடுக்கில் எலக்ட்ரான்களும் துளைகளும் குவியும். அவை தாமாக அழிய எடுக்கும் நேரமே கேரியர் ஆயுள். அது சில மைக்ரோசெகண்ட் இருந்தால், ரேடியோ அலையின் எதிர் அரைச்சுற்று அதற்குள் வந்து போய்விடும். டையோடு மூடவே மூடாது, கடத்திக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டால் புரியும். 50 ஓமில் 100 வாட் என்றால் உச்சக் கரன்ட் 2 ஆம்பியர். 7 மெகாஹெர்ட்ஸில் ஓர் அரைச்சுற்று டையோடிலிருந்து உறிஞ்சும் மின்னூட்டம் சுமார் 90 நானோகூலும். 5 மைக்ரோசெகண்ட் ஆயுளுள்ள டையோடில் 100 மில்லிஆம்பியர் விட்டால் சேர்ந்திருப்பது 500 நானோகூலும். நிறைந்த ஏரியில் ஒரு குடம் மொண்ட மாதிரிதான். 1.8 மெகாஹெர்ட்ஸில் உறிஞ்சல் 350-ஐத் தொடும். அங்கே கரன்ட்டைக் கூட்டியே ஆகவேண்டும்.

இதற்கென்றே செய்த பெரிய பின் டையோடுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது செலவு. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரியில் டிவி மெக்கானிக்குகள் வாங்கும் கடையிலேயே கிடைக்கும் 1என்4007-ஐ (ஏசியை டிசியாக்கும் சாதாரண டையோடு) முதலில் பாருங்கள். 1000 வோல்ட் தாங்குவதற்காக அதன் நடுப்பகுதியும் தடிமனாக, கலப்புக் குறைவாக இருக்கும்.

"எஃப்ஆர்107 எடுத்துக்கங்கண்ணா, ஃபாஸ்ட் ரெகவரி" என்று கடைக்காரர் நல்ல மனதோடு நீட்டலாம். வாங்காதீர்கள். அதுவும் யுஎஃப்4007-ம் சீக்கிரம் மூடவேண்டும் என்றே கேரியர் ஆயுளைக் குறைத்துச் செய்தவை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் பவர் சப்ளை) அருமை, நமக்கு ஆகாது.

1என்4007 என்ற பெயர் ஒன்றே போதாது. கம்பெனிக்குக் கம்பெனி உள்ளமைப்பு மாறும். ஒரே பட்டையில் பத்து வாங்கிச் சோதியுங்கள். ரெசிஸ்டர் வழியே சதுர அலை கொடுத்து, இரு திசையிலும் சமமான கரன்ட் வரும்படி வைத்து, ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். அலை திரும்பிய பிறகும் டையோடு கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் கடத்தும். அது 3.5 மைக்ரோசெகண்ட் என்றால் ஆயுள் ஏறக்குறைய 5.

மூடிய நிலையிலும் சுமார் 10 பிகோஃபேரட் மிச்சமிருக்கும். ரிசீவருக்கு முன்னால் இப்படி ஒரே டையோடு தொடராக இருந்தால், 28 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் சுமார் முக்கால் வாட் உள்ளே கசியும். ரிசீவர் உள்வாயிலைக் கிரவுண்டோடு இணைக்க, அனுப்பும்போது கடத்தும் இன்னொரு டையோடைக் கட்டாயம் போடுங்கள்.